எத்தனை பைப்?

எங்கள் ஊர்ப்பக்கம் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டி வருவார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார். பாறைக்குள் தண்ணீர் நரம்பு மாதிரி ஓடுகிறது என்ற நினைப்போடுதான் வளர்ந்தேன். நிலநீரியல் படித்த பிறகும் அது முழுக்கப் போகவில்லை. மேற்கு வங்கத்து நதியா மாவட்டத்துக்கு வேலைக்குப் போனபோதுதான் போனது. அங்கே பாறையே கண்ணில் படாது. மணல், களிமண், மறுபடியும் மணல். எங்கே குத்தினாலும் தண்ணீர். அதனால் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பைப் இறக்கியிருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். ஒரு பைப் இருபது அடி. ஏழு பைப் என்றால் 140 அடி. ஒரு வீட்டின் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியதில் பாதி அந்த ஒரு பதிலில் இருந்தது.

துளை போடுவதைப் பார்த்த முதல் நாள் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். லாரியும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. மூங்கில் சாரம், நெம்புவதற்கு ஒரு நீள மூங்கில், இரும்புக் குழாய், சாணி கரைத்த தண்ணீர்க் குழி. கீழே இரண்டு பேர் மூங்கிலை அமுக்கி விட, குழாய் எழும்பித் தொப்பென்று மண்ணில் இறங்கும். சாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மிஸ்திரியின் கைதான் வால்வு. குழாய் ஏறும்போது அதன் வாயை உள்ளங்கையால் அடைப்பார். இறங்கும்போது கையை எடுப்பார். எடுத்த கணம் சேறும் மணலும் பீய்ச்சி அடிக்கும். துளையின் சுவர் சரியாமல் சாணி பூசிப் பிடித்துக்கொள்ளும். அந்த மிஸ்திரி இரண்டு பைப்புக்கு ஒருமுறை வந்து விழுந்த மணலை விரலில் தேய்த்துப் பார்ப்பார். சாம்பல் நிறமாக இருந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. காவி கலந்து வந்தால் மட்டும் "லால் பாலி" என்று கீழே குரல் கொடுப்பார். சிவப்பு மணல். நான் படிப்பில் நான்கு வருடம் செலவழித்துத் தெரிந்துகொண்டதை அவர் கட்டைவிரலில் வைத்திருந்தார்.

அந்தக் காவிதான் விஷயம். மணல்துகள் ஒவ்வொன்றையும் மெல்லிய இரும்புத் துரு போர்த்தியிருக்கிறது. இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த மணலில் ஆர்சனிக் ஒன்றும் கூடுதலாக இல்லை. கிலோவுக்குச் சில மில்லிகிராம், உலகத்தில் எங்கும் இருக்கிற அளவுதான். அது துருவில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மணலோடு புதைந்த இலைதழை, சதுப்புமண் எல்லாம் மக்கும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு பாக்டீரியாக்கள் துருவை வைத்து மூச்சுவிட ஆரம்பிக்கின்றன. துரு கரைகிறது, காவி போய் மணல் சாம்பலாகிறது, பிடிமானம் இழந்த ஆர்சனிக் தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. இருபதாயிரம் வருடத்துக்கு முன் பனியூழியில் கடல் 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. அப்போது மேடாக நின்று மழையிலும் காற்றிலும் நன்றாகத் துருவேறியதுதான் சிவப்பு மணல். கடல் ஏறிய பிறகு அதன்மேல் படிந்தது சாம்பல் மணல். நதியாவில் நான் வேலை பார்த்த சக்தாவில் இரண்டுமே இருநூற்றைம்பது அடிக்குள் கிடைக்கும், ஒரே தெருவில்கூட.

ஆர்சனிக் தமிழனுக்குப் புதிதல்ல. சித்த வைத்தியர் அதைப் பாஷாணம் என்பார். கூத்துக்காரர் முகத்தில் பூசிய அரிதாரமும் அசலில் ஒரு ஆர்சனிக் தாதுதான். அங்கெல்லாம் அதற்கு நிறம் உண்டு. தண்ணீரில் மட்டும் நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி விஷம் கெட்டிப்படும். குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகின்றன என்றுதான் 1970களில் வங்காளத்தில் ஊர் ஊராக அடிபம்பு இறக்கினார்கள். நல்ல நோக்கம், உயிர்களும் பிழைத்தன. 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, உள்ளங்கை தடித்து மார்பில் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளிகளோடு வந்தவர்களைப் பார்த்து, காரணம் அந்தப் பம்புத் தண்ணீர் என்று கண்டார். எல்லைக்கு அந்தப்புறம் 1998–99இல் வங்கதேசம் முழுக்க எடுத்த கணக்கில், 150 மீட்டர் ஆழத்துக்குப் போகாத குழாய்களில் நூற்றுக்கு 27, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 10. வங்காளத்தில் அடிபம்புக்குப் பேச்சுவழக்கில் 'கொல்' என்று பெயர். தமிழ்க் காதில் அது எப்படி விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் ஒரு கிராமத்தில் எண்பது குழாய்களில் தண்ணீர் பிடித்தேன். கரைந்திருப்பது அடியில் படியாமலிருக்கப் பாட்டிலில் விட வேண்டிய அமிலக் குப்பி வழியில் உடைந்துபோனது. அமிலம் விடாமலேயே பாட்டில்களை மூடிப் பெட்டியில் அடுக்கினேன். ஆய்வகத்தில் வரிசை வருவதற்குப் பத்து நாளாயிற்று. அதற்குள் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் காவியாக ஒரு படலம் தங்கியிருந்தது. காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு மறுபடி துருவாகி, ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. மேலே தெளிந்த தண்ணீரைத்தான் அளந்தார்கள். பூமிக்குள் நடப்பது பாட்டிலுக்குள் தலைகீழாக நடந்திருந்தது. பாடத்தில் படித்ததுதான், பார்க்கத் தவறினேன். எட்டு என்று எண் வந்த ஒரு வீட்டுக் குழாயில் நானே பச்சைப் பெயிண்ட் அடித்தேன். பச்சை என்றால் குடிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது.

அடுத்த வருடம் கையடக்கச் சோதனைப் பெட்டியோடு போனேன். குப்பியில் தண்ணீர், துத்தநாகத் தூள், அமிலம். மூடியில் பாதரச புரோமைடு தோய்த்த காகிதம். ஆர்சனிக் வாயுவாகி மேலேறிக் காகிதத்தைத் தொடும். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், வெயில் படாமல். வெள்ளையாக இருந்தால் நிம்மதி. எலுமிச்சை மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும். அந்த வீட்டுக் காகிதம் பழுப்பாக வந்தது. இத்தனைக்கும் பம்பு மேடை சிமெண்ட் முழுக்கச் செந்துரு படிந்து கிடந்தது. மேடை சிவந்தால் இரும்பு கரைந்த சாம்பல் மணல் தண்ணீர், சந்தேகப்படு. கறுத்தால் மாங்கனீசு, ஆர்சனிக் குறைவாக இருக்க வாய்ப்பு என்று அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். நான் ஆய்வகத் தாளைப் பார்த்தேன், மேடையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கார அம்மாளை மாசிமா என்று கூப்பிடுவேன், சித்தி முறை. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் இன்று சாயங்காலத் தண்ணீருக்கு எங்கே போக?" என்றார். நாற்பதடி தள்ளிப் பக்கத்து வீட்டுக் குழாய், பத்துப் பைப். மேடை கறுப்பு. காகிதம் வெள்ளை. அதைக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "என் குழாயின் விஷம் அங்கே போகாதா?"

என் தொழிலே அந்தக் கேள்விதான். தண்ணீர் நகர்கிறது, மிக மெதுவாக. டிஜோன் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி தார்சி 1856இல் எழுதிவைத்த விதியை வைத்து மாசிமாவின் மேடையில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். நல்ல மணல், நீரைக் கடத்தும் திறன் நாளுக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டச் சரிவு 2,500 மீட்டருக்கு ஒரு மீட்டர். மணலுக்கு நடுவே இடைவெளி கால்பங்கு. நாளுக்கு 4 சென்டிமீட்டர், வருடத்துக்கு ஏறக்குறைய 15 மீட்டர். நாற்பதடியை ஒரே வருடத்தில் கடந்துவிடும். ஆனால் அது தண்ணீரின் நடை. ஆர்சனிக் சிவப்பு மணலுக்குள் போனால் வழியெல்லாம் துரு அதைப் பிடித்துப் பிடித்து விடுகிறது.

எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு நேரடி அளவு வியட்நாமில் கிடைத்தது. ஹனோய் பக்கத்தில் சிவப்பாற்றங்கரையில் வான் ஃபுக் என்று ஒரு கிராமம். நகரத்தின் பம்புகள் இழுத்த இழுப்பில் அங்கே நிலத்தடி நீர் திசையே மாறி, ஆற்றிலிருந்து நகரை நோக்கிப் போக ஆரம்பித்தது. சாம்பல் மணல் தண்ணீர் சிவப்பு மணலுக்குள் புகுந்தது. அலெக்சாண்டர் வான் கீன் குழு 2013இல் வெளியிட்ட முடிவுப்படி, அரை நூற்றாண்டில் ஆர்சனிக் உள்ளே போனது நூற்றிருபது மீட்டர் போல. தண்ணீரைவிடப் பதினாறு முதல் இருபது மடங்கு மெதுவாக. என் பதினைந்து மீட்டரை இருபதால் வகுத்தால் வருடத்துக்கு முக்கால் மீட்டர். மாசிமாவிடம் "போகும், ஆனால் சீக்கிரம் போகாது" என்றேன். துரு கரைந்து தீரும்வரைக்கும்தான் அந்தப் பிடி. வெளியூர்க் கணக்கை இந்த மண்ணுக்கு அப்படியே போடவும் முடியாது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றும்.

என் கவலை பக்கத்து வீட்டுக் குழாய் அல்ல. மழையில்லாத மாதங்களில் பயிராகும் போரோ நெல்லுக்காக இரவும் பகலும் ஓடும் மோட்டார்கள். தட்டையான டெல்டாவில் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இப்போது நிலத்தின் சரிவைவிட மோட்டார்தான் அதிகம் தீர்மானிக்கிறது. ஆழத்துத் தண்ணீர் சுத்தம் என்று தெரிந்ததும் வயலுக்கும் ஆழக் குழாயே இறக்கினால் மேலிருக்கும் விஷத்தைக் கீழே இழுப்பதுதான் மிச்சம். ஆழத்தில் குடிக்க மட்டும் எடுத்து, பாசனத்தை மேலடுக்கோடு நிறுத்தினால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் என்று ஹாலி மைக்கேலும் கிளிஃபோர்ட் வோஸும் 2008இலேயே கணித்துக் காட்டினார்கள். ஆனால் காசுள்ள விவசாயி எவ்வளவு ஆழம் இறக்குகிறான் என்று யார் எண்ணுகிறார்கள்?

மாசிமாவின் குழாயில் பச்சையைச் சுரண்டிவிட்டுச் சிவப்பு அடித்தேன். பக்கத்து வீட்டில் பச்சை அடித்து, இந்தத் தடவை அதன்கீழே மாதமும் வருடமும் எழுத உட்கார்ந்தேன், ஊர்க்காரர் படிக்கும்படி வங்காள எண்ணிலேயே. அவர்களுடைய நாலு நம் எட்டு மாதிரி இருக்கும்; எத்தனை முறை எழுதினாலும் கை மாறிப்போகும். மாசிமாவின் பேத்தி இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். குடத்தை இறக்கிவிட்டு, தூரிகையை என் கையிலிருந்து வாங்கி, எண்ணைத் துடைத்து அவளே எழுதினாள். பிறகு பம்பை அடிக்க ஆரம்பித்தாள்.