பின்னால் வரும் பெட்டியின் பாரம்

"பெருநாளைக்குக் கிரிந்த போறம் எண்டு சொன்னீங்க, ஏன் போகல்ல?" என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். மலை ரோட்டில் வாகனம் ஓட்டுகிறவர்கள் மட்டுமாவது முழுவதையும் வாசியுங்கள்.

எங்கள் நானாவிடம் ஒரு டபள் கெப் இருக்கிறது. வெளிநாட்டுக் குடும்பங்கள் ஒரு சின்ன வீட்டையே வாகனத்துக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவதை யூடியூபில் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசையில் பிழை சொல்ல மாட்டோம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஹோட்டல் படி ஏற ஏலாது. பெருநாள் வாரத்தில் கடற்கரைப் பக்கம் அறை வாடகை கேட்டால் தலை சுற்றும். ஆக, தெரிந்த வெல்டிங் பட்டறை ஒன்றில் சொல்லி ஒரு டிரெயிலர் செய்தார். இரும்புச் சட்டம், பிளைவுட் சுவர், இரண்டு சில்லு, உள்ளே இரண்டு கட்டில், பின்பக்கம் 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. பிள்ளைகள் அதற்குக் "கூடு" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று கேட்டோம். "மூவாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும், வீடியோவில சொன்னான்" என்றார். அந்த எண் பொய்யில்லை. பல புதிய டபள் கெப்களுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது தனக்கென்று பிரேக் உள்ள டிரெயிலருக்கான எண். வாகனத்தின் கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால், பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்தது: பிரேக் இல்லாத டிரெயிலர் என்றால் 750 கிலோ. எங்கள் கூட்டுக்குப் பிரேக் கிடையாது. பட்டறையில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வெறும் பெட்டி எவ்வளவு என்று தெரிந்தால்தானே மிச்சக் கணக்கு? லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் பெரிய தராசுக்குக் கொண்டுபோனோம். 620 கிலோ. தண்ணீர் 100, கேஸ் சிலிண்டர், மெத்தைகள், கூடாரம், அரிசி, உம்மா விட்டுவர மாட்டேன் என்ற கந்தூரிச் சட்டி, எல்லாம் ஏற்றி மறுபடி நிறுத்தபோது 910. நானா பேசவில்லை. பிறகு, "160 கிலோதானே கூட" என்றார்.

அன்றைக்கே ஹாலிஎல பக்கம் ஓர் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஏறும்போது ஒரு குறையுமில்லை. இறங்கும்போதுதான் விளங்கியது. பிரேக்கில் கால் வைத்ததும் பின்னாலிருந்து யாரோ தோளில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. அடுத்த வளைவில் பெட்டி வால் ஆட்டத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து, ஆள் நிறுக்கும் சின்னத் தராசைக் கொளுவியின் கீழே வைத்துப் பார்த்தோம். பெட்டியின் பாரத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காவது கொளுவியின் மேல் அழுந்த வேண்டும் என்பது பொது விதி. எங்களுக்கு 90 கிலோ அளவில் வந்திருக்க வேண்டும். தராசு காட்டியது 28. தண்ணீர்த் தாங்கி பின்னால் இருந்ததால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

கிரிந்தைக்கு எங்கள் வழி எல்ல, வெல்லவாய. எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே. வெல்லவாய ஏறத்தாழ 200 மீற்றர். நடுவில் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. அதே ரோட்டில்தான் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு தங்காலை நகர சபை ஊழியர்களை ஏற்றிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மௌத்தானார்கள். அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல ஒரு கணக்குப் போட்டோம். கெப் 2,000 கிலோ, ஆட்களும் சாமான்களும் 400, கூடு 910. மொத்தம் 3,300 கிலோ என்று வைப்போம். அது 800 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 75 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்கில்தான் சூடாக இறங்கும். அதுவும் கெப்பின் பிரேக்கில் மட்டும், பெட்டிக்குத்தான் இல்லையே.

எங்களிடம் படித்த பிள்ளையொன்றின் தகப்பன் தெமோதரப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரக்டர் ஓட்டுகிறார். கேட்டதும் சிரித்தார். "எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லயே எறங்கணும் சேர். பிரேக்க நம்பி எறங்குனா பாதி வழியில பிரேக் இருக்காது." கொழுந்து மூட்டையும் சில நேரம் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தினமும் இறங்குகிறவர். எங்கள் டிரெயிலர் உல்லாசத்துக்கு. அவரது பெட்டி பல லயங்களுக்கு பஸ், ஆஸ்பத்திரி வண்டி எல்லாம். அதன் பாரத்தை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டோம். "கொழுந்தத்தான் நிறுப்பாங்க" என்றார்.

அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் தெமோதர ரயில் நிலையம். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். 44 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் இருக்கக் கூடாது என்பதால் தண்டவாளத்தை மலையைச் சுற்றிக் கொண்டுபோய் அந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் விட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு எது முடியும் என்று பார்த்துவிட்டுத்தான் பாதை போட்டார்கள். நாங்கள் கட்டிலும் சட்டியும் ஏற்றிய பிறகு கையேட்டைத் தேடினோம்.

நானா இரண்டு நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. செலவழித்த காசு அவருடையது, கோபம் வரத்தான் செய்யும். "தண்ணிய வெல்லவாயில நிரப்பலாம், சட்டிய விடலாம், 750க்குள்ள வரும்" என்று மறுபடி வந்தார். வரும்தான். ஆனால் அந்த இறக்கத்தில், உம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, பிரேக் இல்லாத 750ஐக்கூட இழுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் உம்மாதான் முடித்துவைத்தார்: "எனக்குக் கடல் வேணாம் மவன். அஸர் தொழுதிட்டு அந்தக் கூட்டுக்குள்ள ஒக்காந்திருந்தாப் போதும்."

இப்போது கூடு முற்றத்தில் நிற்கிறது. பெருநாள் இரவு பிள்ளைகள் அதில்தான் தூங்கினார்கள். பெட்டி முன்னால் தள்ளினால் தானாகவே தன் சில்லுகளைப் பிடிக்கும் ஒரு வகைப் பிரேக் இருக்கிறது, அதை நானா விசாரித்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்கள் இருந்தால் கொமண்டில் சொல்லுங்கள். தண்ணீர்த் தாங்கியை அச்சுக்கு முன்னால் மாற்றியாகிவிட்டது. கட்டில் ஒன்றையும் கழற்றிவிட்டோம். நேற்று மறுபடி சின்னத் தராசை வைத்துப் பார்த்தோம், 74 காட்டியது.