மிச்சப் பாட்டு

மட்டக்களப்பில் பழைய கல்லடிப் பாலத்தில் வாகனம் ஏறினால் இரும்பு தடதடவென்று அதிரும். ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை மறுபக்கத்துக்காரர் காத்து நிற்க வேண்டும். சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி வாவியைப் பார்க்கலாம், தோணிக்காரர் வீச்சுவலை எறிவதைப் பார்க்கலாம், பின்னால் நிற்பவரோடு ஊர்க்கதை கதைக்கலாம். 2013 இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது. அகலமானது, அதிராதது. நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு ஊர் அந்தத் தடதடப்புக்கு அப்பால்தான் தொடங்கும். ஊரைவிட்டு வந்த உங்களுக்கும் இப்படி ஒரு சத்தம் இருக்கும்.

கல்லடி உப்போடையில் பொழுதுபட்டால் இராமகிருஷ்ண மிஷனில் மணி அடிக்கும். மாணவர் இல்லத்துப் பிள்ளைகள் விவேகானந்தர் இயற்றிய ஆரத்திப் பாட்டைப் படிக்கத் தொடங்குவார்கள். பாதிச் சொல் எங்களுக்கு விளங்காது. மதிலுக்கு இந்தப் பக்கம் பெத்தா விளக்கு வைப்பதும், அடுப்பில் கூனி வறுபடுவதும், கடற்காற்று கிறுகி வாவிப் பக்கம் போவதும் எல்லாம் அந்தப் பாட்டுக்குள்ளேதான் நடக்கும். பாட்டு முடிந்தால் பகல் முடிந்தது. இங்கே ரொறன்ரோவில் மார்கழியில் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடுகிறது. மணி இல்லை. பகல் எங்கே முடிகிறது என்று தெரியாமலே இரவாகிவிடுகிறது. வீடு மட்டும் சூடாக இருக்கிறது.

அந்த வளவில்தான் விபுலாநந்த அடிகளின் சமாதி. 1892 இல் காரைதீவில் பிறந்தவர். 1929 இல் சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார், வசதி இல்லாத பிள்ளைகளுக்காக ஓடித் திரிந்தார். அதே ஆள்தான் சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையின் சில அடிகளைப் பிடித்துக்கொண்டு, வழக்கொழிந்து போன யாழைக் கணக்குப் போட்டு மீட்டார். 1947 ஜூன் மாதம் 5, 6 ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. ஜூலை 19 இல் அவர் இல்லை. இந்தத் திகதிகளைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். பசித்த பிள்ளையையும் தொலைந்த வாத்தியத்தையும் ஒரே மனிதர் ஏன் தேடிப் போனார் என்று வாத்தியார் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு கடல் வந்தது. 2004 மார்கழி 26. பக்கத்து நாவலடியில் வீடென்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்துபோய் நின்றது. நான் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். எங்கள் தெருவில் உயிரோடு இருந்த இளம் பிள்ளைகள் எல்லாரும் ஏதோவொரு முகாமில் நின்றோம். தொண்டர் என்று யாரும் எங்களுக்குப் பெயர் வைக்கவில்லை, அட்டை தொங்கவிடவில்லை. தண்ணீர் பவுசர் வந்தால் வாளிகளை வரிசையில் வைப்போம், சோற்றுப் பார்சல் பிரிப்போம், பெயர் எழுதுவோம். பெயர் எழுதும்போது சிலர் இல்லாதவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். எழுதுவோம்.

எங்கள் முகாமில் ஒரு கூத்து அண்ணாவியார் இருந்தார். மத்தளம், சலங்கை, கூத்துக் கொப்பிகள், எல்லாம் கடலோடு. மூன்று நான்கு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “சோறு ஆரும் குடுப்பான் புள்ள. இந்தப் புள்ளயள் சத்தம் போடாம இருக்குதுகள். அதப் பாக்கோணும்.”

ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தார், தட்டினார். வேலிக் கம்புகளை முறித்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். வசந்தன் ஆட்டத்துக்குக் கோல் வேண்டுமே. வயல் வேலையைப் பற்றிய ஒரு பாட்டு, அவருடைய சொந்தக் கட்டு என்று நினைக்கிறேன். முதல் நாள் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் ஒருத்தி. பிறகு எல்லாரும். பாய்க்குள் சுருண்டே கிடந்த ஒரு கிழவி தலையைத் தூக்கி, “மறுகா ஒருக்காப் படி புள்ள” என்றாள். அந்தக் குரல், அதில் இருந்த அதட்டல், அந்த அதட்டலுக்காகவே நாங்கள் மறுகா மறுகா படித்தது... என்னிடம் அந்தக் குரலின் பதிவு இல்லை. யாரிடம் இருக்கும்?

பிறகு நாவலடிச் சனங்களைத் திராய்மடுவுக்குக் கொண்டுபோனார்கள். முகாம் கலைந்தது. நானும் கலைந்தேன்.

இப்போது என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்தாக வேண்டும். ஒன்ராறியோவில் அதை முடிக்காமல் பள்ளிச் சான்றிதழ் இல்லை. அவளுடைய வகுப்புத் தோழி ஒரு யூதப் பிள்ளை. அவர்களுடைய ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு உணவுப் பெட்டி கட்டுகிறார்கள். உடைந்த உலகைச் செப்பனிடுவது மனிதன் கையிலும் இருக்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை என்று அந்தப் பிள்ளையே எனக்கு விளக்கினாள், பாஸ்தா பக்கெற்றை அடுக்கிக்கொண்டே. மகளைக் கூட்டிவரப் போன நான் வாசலில் நின்றேன். அவர்கள் வேலை செய்துகொண்டே பாடுகிறார்கள். சொல்லே இல்லாத பாட்டு, நிகுன் என்கிறார்கள். ஒருவர் மெல்லத் தொடங்க, மற்றவர்கள் சேர, திரும்பத் திரும்ப ஒரே மெட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உயர்ந்து.

சொல்லில்லாத இசை மட்டக்களப்பாருக்குப் புதிதா? பௌர்ணமி இரவில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் அந்த மீன்பாட்டு. அடிகளாரும் அதைக் கேட்டு நீரரமகளிர் என்று பாட்டாக எழுதினார். இப்போது யூடியூப்பிலும் கிடைக்கிறது. காதுக்குள் நல்ல ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். துல்லியமாக இருந்தது. துடுப்பின் ஈரம் இல்லை, பக்கத்தில் “உஸ்ஸ்” என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு ஆலயத்தில் அந்தத் தோழியின் பாட்டி என்னிடம், உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்களேன் என்று கேட்டார். பாபிலோன் ஆற்றங்கரையில் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு அழுத அவருடைய முன்னோரிடமும் ஒரு காலம் இப்படித்தான் கேட்டார்கள். சிறைப்பிடித்தவர்கள் கேட்டது அது. இது அன்பாகக் கேட்டது. அதனால் மறுக்க முடியவில்லை. அண்ணாவியாரின் பாட்டை எடுத்தேன். உழவு வந்தது, விதைப்பு வந்தது, அதோடு நின்றுவிட்டது. வெட்டும் சூடடிப்பும் வரவில்லை. மெட்டு இருக்கிறது, சொல் இல்லை. அவர்கள் அதைத் தங்கள் வழக்கம் என்றே எடுத்துக்கொண்டு மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சுற்றிச் சுற்றிப் பாடினார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்குத் தொண்டை அடைத்தது.

1940 இல் தி. சதாசிவ ஐயர் பதிப்பித்த வசந்தன் கவித்திரட்டில் தேடிப் பார்த்தேன். அந்த மெட்டுக்கு ஏற்ற சொல் எனக்கு அதில் அகப்படவில்லை. அண்ணாவியார் காலமாகிவிட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். சில அடிகளை வைத்து ஒரு யாழையே மீட்டார் அடிகளார். எனக்கு அந்தக் கணக்கு வராது.

அப்போது கையில் கோல் பிடித்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயதாவது இருக்கும். திராய்மடுவிலோ, கட்டாரிலோ, லண்டனிலோ நீங்கள் இருக்கலாம். கவிழ்த்த வாளி, வேலிக் கம்பு, வாளிக்குப் பக்கத்தில் நின்று முதலில் குரல் எடுத்துக் கொடுத்த அக்கா. அது நான்தான். அறுவடையில் தொடங்கி மிச்சப் பாட்டு உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதி அனுப்புங்கள். மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.