முள்ளுக்கும் டியூப்புக்கும் நடுவே

ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்சாலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தரையைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். சாலையின் இரு புறமும் சீமைக் கருவேலம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிய கிளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெங்கும் சிம்புகள் உதிர்கின்றன. பச்சையாக இருக்கும்வரை கொஞ்சம் வளைந்து கொடுக்கும் முள், வெயிலில் காய்ந்ததும் ஊசியாக விறைத்துக்கொள்கிறது. நன்கு வளர்ந்த முள் இரண்டு அங்குலம் வரைகூட இருக்கும். சைக்கிள் டியூப்பின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. தேய்ந்த டயராக இருந்தால் முள்ளுக்கு அது ஒரு தடையே இல்லை.

சாலை ஓரத்தில் இறங்கினால் நெருஞ்சி காத்திருக்கிறது. மஞ்சள் பூவோடு தரையில் படரும் இந்தச் செடியின் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் கெட்டியான முட்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படியான அமைப்பு அது. கால்நடையின் குளம்பிலும் மனிதரின் செருப்பிலும் ஏறி ஊர் விட்டு ஊர் போவதற்காக இயற்கை செய்துகொடுத்த வசதியை, ரப்பர் டயர் பல மடங்கு பெருக்கிவிட்டது.

இதே நெருஞ்சி கடல் கடந்தும் போயிருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்களின் முதல் எதிரி அதுதான். அதன் விதையையும் தண்டையும் அரிக்கும் இரண்டு வகைக் கூன்வண்டுகளை 1961-ல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டார்கள். செடி சில இடங்களில் குறைந்தது, ஒழியவில்லை. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்தில் 2018 முதல் நெருஞ்சியின் பெயரிலேயே ஒரு சைக்கிள் விழா நடக்கிறது. விழாவுக்கு முன்பே ஊர் மக்கள் கூடி, காய் முற்றுவதற்குள் செடியை வேரோடு பிடுங்கி மூட்டை மூட்டையாகச் சேர்க்கிறார்கள். அந்தப் பகுதிகளில் டயருக்கும் டியூப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் போட்டுக்கொள்வது வெகுநாளைய வழக்கம். டயர் லைனர் என்று கடைகளில் கேட்டால் கிடைப்பது இந்தப் பட்டைதான்.

பஞ்சரின் வயது காற்றடைத்த டயரின் வயதுதான். 1845-ல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அது புழக்கத்துக்கு வராமல் மறக்கப்பட்டது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று முனைந்து, 1888-ல் அதையே புதிதாகக் கண்டுபிடித்தார். ஆரம்பத்தில் டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சரானால் பிரித்து ஒட்டவே மணிக்கணக்காகும், பசை காய ஓர் இரவு போகும். பிரான்ஸின் மிஷலின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியில் ஷார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி வென்றார். மறு ஆண்டு மிஷலின் நடத்திய பாரிஸ்–கிளெர்மோன்-ஃபெரான் போட்டியில், பஞ்சரை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய முடியும் என்று காட்டுவதற்காக வழியில் ஆணிகளையே போட்டு வைத்தார்கள்.

அன்று முதல் உலகம் பஞ்சருக்குக் கண்ட தீர்வு, விரைவாக ஒட்டுவது. டயர் லிவரால் நெம்பி, டியூப்பை உருவி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவதை ஒரு நல்ல கடைக்காரர் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஆனால் இந்தத் தீர்வுக்கு ஒரு கடை வேண்டும். எட்டரை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பிய பிளஸ் ஒன் மாணவிக்கு, இரு புறமும் முள்காடாக இருக்கும் சாலையின் நடுவில் கடை ஏது? அவள் வண்டியை உருட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் பாடவேளை போய்விடும். பால்காரருக்கும் பேப்பர் போடும் பையனுக்கும் அப்படித்தான். ஒட்டுக்கான காசைவிட இழந்த நேரத்தின் விலை இவர்களுக்கு அதிகம். பஞ்சரை வரவிடாமல் தடுப்பதுதான் இவர்களுக்கு உண்மையான தீர்வு.

லைனர் வேலை செய்யும் விதம் எளிது. பாலியூரித்தேன் போன்ற வழுவழுப்பான, கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நீண்ட பட்டை. டயரின் உட்புறத்தில், தரையில் படும் பகுதிக்கு நேர் பின்னால் அது சுற்றிப் படுத்திருக்கும். ரப்பரைத் துளைத்து வரும் முள் பட்டையில் முட்டி நின்றுவிடும், அல்லது முனை மழுங்கி முறியும். கண்ணாடிச் சில்லும், லாரி டயர் தேய்ந்து நெடுஞ்சாலையில் உதிரும் மெல்லிய கம்பித் துணுக்கும் இதே போலத் தடுக்கப்படும்.

நம் ஊர் சைக்கிள் கடைகளுக்கு இந்த யோசனை புதிதல்ல. பழைய டியூப்பை நீளவாக்கில் கிழித்து, வால்வுப் பகுதியை வெட்டிவிட்டு, டயருக்குள் மெத்தையாகப் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர்கள் உண்டு. தேய்ந்த டயரின் இரு ஓரக் கம்பிகளையும் அறுத்தெடுத்து, நடுப்பட்டையை மட்டும் உள்ளே வைப்பவர்களும் உண்டு. டியூப் துண்டு மிருதுவானது. சின்ன முள்ளைத் தாங்கும், கருவேல முள்ளைத் தாங்காது. டயர் துண்டு தாங்கும். ஆனால் கனம் கூடிவிடும், அறுத்த ஓரம் கரடாக இருந்தால் டியூப்பையே கடிக்கும். கடையில் வாங்கும் லைனர் இந்தக் கை வேலையின் திருந்திய வடிவம்தான்.

கடிக்கும் குணம் லைனருக்கும் உண்டு. வாங்கியதும் கடைக்காரரிடம் கொடுத்து அவசரமாகப் போடச் சொன்னவர்களில் பலர், முள்ளே குத்தாமல் டியூப் போய்விட்டது என்று குறை சொல்வது இதனால்தான். பட்டையின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு படி போல உயரம் விழும். சக்கரம் சுற்றச் சுற்ற அந்த முனை டியூப்பை அரைத்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் அங்கே ஒரு கீறல் விழும்.

இதற்கு மாற்று பொறுமைதான். முதலில் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, விரலால் மெதுவாகத் தடவி, ஏற்கெனவே தங்கியிருக்கும் முட்களைக் குறடால் பிடுங்க வேண்டும். பட்டையின் அகலம் டயருக்குப் பொருந்த வேண்டும். குறுகலாக இருந்தால் நடுவிலிருந்து நழுவும், அகலமாக இருந்தால் ஓரம் மடங்கும். முனைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். இணைப்பு வால்வுக்கு அருகில் வரக் கூடாது. இணைப்பின் மேல் ஒரு துண்டுப் பழைய டியூப்பையோ துணி டேப்பையோ வைத்தால் அரைப்பு குறையும். டியூப்பின் மேல் கொஞ்சம் பவுடர் தூவுவதும் நல்லது. பிறகு டியூப்பில் அரைக் காற்று அடித்து, பட்டை நடுவில்தான் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு முழுக் காற்று அடிக்கலாம். இவ்வளவும் கூடுதலாகப் பத்து நிமிட வேலை.

லைனர் காக்காதவற்றையும் தெரிந்துகொள்வது அவசியம். காற்றுக் குறைந்த டயர் கல்லிலோ பள்ளத்திலோ மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். அதை லைனர் தடுக்காது. ரிம் பட்டை கிழிந்து கம்பி முனை உள்பக்கமாகக் குத்துவதையும் தடுக்காது. டயரின் பக்கவாட்டில் ஏறும் முள்ளுக்கும், வால்வு டியூப் மக்கிக் காற்று இறங்குவதற்கும் அது பொறுப்பல்ல. லைனர் போட்டதும் காற்றைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பயன் போய்விடும். தடுக்கப்பட்ட முள் டயரிலேயே தங்கியிருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து அதைப் பிடுங்குவது நல்ல பழக்கம்.

எடையும் உண்டு. அகலத்தைப் பொறுத்து ஒரு பட்டை ஏறக்குறைய நூறு கிராம் வரும். எடை சக்கரத்தின் விளிம்பில் ஏறுவதால் மிதிப்பது சற்றுக் கனமாகத் தெரியும். டயர் தரையில் வளைந்து நிமிரும்போது வீணாகும் சக்தியும் கொஞ்சம் கூடும். பந்தயத்தில் ஓட்டுகிறவர் இதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். இருபது கிலோ எடையுள்ள நம் ஊர் வண்டியில், பின்னால் புத்தகப் பையோ தண்ணீர்க் குடமோ வைத்து ஓட்டுகிறவருக்கு இந்தக் கனம் பெரிதல்ல.

வேறு வழிகளும் இருக்கின்றன. டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் கண்டுபிடித்த கெவ்லர் இழையை டயருக்குள் பட்டையாக வைத்துத் தருகிறார்கள். கண்ணாடி வெட்டை அது நன்றாகத் தாங்கும். ஊசி முள்ளோ நெய்த இழைகளுக்கு நடுவே வழி தேடிக்கொள்ளக்கூடும். ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் அடுக்கு உள்ளேயே இருக்கிறது. நல்ல டயர், விலைதான் எட்டாது. டியூப்புக்குள் ஊற்றும் சீலன்ட் சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும். ஆனால் காலப்போக்கில் காய்ந்துவிடும், பிறகு ஒட்டுப் போட வந்தால் ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. காற்றே இல்லாத கெட்டி டயரில் பஞ்சர் பயமில்லை. மேடுபள்ளமான சாலையின் குலுக்கல் முழுவதையும் முதுகு வாங்கிக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், இருக்கிற டயரிலேயே போடக்கூடியதும், டயர் தேய்ந்தால் எடுத்து அடுத்த டயருக்கு மாற்றக்கூடியதும் லைனர்தான்.

தமிழ்நாட்டில் சைக்கிள் வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் சந்தைக்கும் யார் துணையும் இல்லாமல் போய்வந்தார்கள். பின்னர், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவிகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. பள்ளி தூரம் என்ற காரணத்தால் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கம் வழியில் ஒரு முள்ளிடம் தோற்பது நியாயமல்ல.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், புதுக்கோட்டை போன்ற முள் அடர்ந்த மாவட்டங்களுக்குப் போகும் பள்ளி மிதிவண்டிகளிலாவது இரண்டு சக்கரங்களுக்கும் லைனர் போட்டுக் கொடுப்பதை அரசு பரிசீலிக்க வேண்டும். அதுவரை, பிள்ளையின் சைக்கிளுக்கு அடுத்த முறை ஒட்டுப் போடக் கொண்டுபோகும் பெற்றோர், ஒரு ஜோடி லைனரையும் வாங்கிக்கொண்டு போகட்டும். முனையை மழுக்கிப் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.