தெய்வங்கள் விட்ட பிழை

கோயில் மண்டபத்தில் கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளச் சூரபன்மனுக்கு வரம் கொடுத்தவர் சிவன்தானே, பிறகு தேவர்கள் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், பயன் சொல்பவர் 'திருவிளையாடல்' என்று முடித்துவிடுவார். புலம்பெயர்ந்த பின் ரொல்கீனின் 'சில்மரில்லியன்' நூலை வாசித்தபோது அந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. ரொல்கீன் 1973இல் இறந்தபின், மகன் தொகுத்து 1977இல் வெளியிட்ட நூல் அது.

அங்கே உலகைக் காப்பவர்கள் வலார் எனும் தேவர்கள். நல்லவர்கள், ஆயினும் பிழை விடுகிறார்கள். உலகைக் குலைத்த மெல்கோர் மூன்று யுகம் சிறையிருந்து மன்னிப்புக் கேட்க, தலைவன் மான்வே விடுவிக்கிறான். தன்னுள் தீமை இல்லாததால் அவனுக்குத் தீமை விளங்கவில்லை. உல்மோவும் துல்காசும் மெல்கோரை நம்பவில்லை. ஆனாலும் தலைவன் சொல்லுக்கு அடங்கிப் போகிறார்கள். சூது தெரியாத மனம் ஒரு பெருமை என்றுதான் எமக்குச் சொல்லித் தந்தார்கள். ஆள்பவனுக்கு அது எவ்வளவு பெரிய குறை! உலகுக்கு ஒளி தந்த இரு மரங்களும் அழிந்தன.

எம்மை அதிகம் பிடித்து நிறுத்தியது ஔலேயின் கதை. கைவினைத் தெய்வமான அவன், படைத்தவரான இலுவாத்தரின் பிள்ளைகள் பிறக்கும்வரை பொறுக்கமாட்டாமல், கற்பிக்க ஆட்கள் வேண்டுமென்று குள்ளர்களை இரகசியமாகச் செய்கிறான். நீ நினைத்தால் மட்டும் அசையும் பொம்மைகளா உனக்கு வேண்டும் என்று இலுவாத்தர் கேட்கிறார். ஔலே சாட்டுச் சொல்லவில்லை. அழுதபடி, தான் செய்தவற்றை உடைக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். குள்ளர்கள் நடுங்கி ஒடுங்குகிறார்கள். பொம்மைக்குப் பயம் வருமா? அவன் ஓங்குமுன்பே அவர்களுக்குச் சொந்த உயிர் கொடுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் எல்லாருக்கும் அப்படி இரக்கம் கிடைக்கவில்லை. வலாரின் சொல்லை மீறி மெல்கோரைத் துரத்திப்போன நொல்டோர், தேவர் நாட்டுக்குத் திரும்ப முடியாதபடி கடலில் மாயத்தீவுகள் போடப்பட்டன. உதவி கேட்டுப் போன கப்பல்கள் தாண்டன. எல்லைகளில் மறிக்கப்பட்ட எமக்கு இந்த இடத்தில் வலார்மீது கோபம் வந்தது. ஆனால் நொல்டோரும் தம் உறவினரைக் கொன்று, அவர்களுடைய கப்பல்களைப் பறித்துக்கொண்டுதான் வெளிக்கிட்டவர்கள். சகோதரக்கொலை என்ற சொல் எமக்கும் புதிதல்ல.

கடைசியில் எயாரெண்டில் என்ற ஒருவன் கடலைக் கடந்து இரக்கம் கேட்க, வலார் படை அனுப்பினார்கள். அதற்குள் நொல்டோரின் மறைநகரான கொண்டோலின் எரிந்து முடிந்திருந்தது.