அப்பிள் பாட்டு

இழவு நடந்த வீட்டில் எத்தனை நாளைக்குப் பிறகு வானொலி போடலாம் என்று எங்கள் ஊரில் எவரும் எழுதி வைக்கவில்லை. என்றாலும் எல்லோரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. கணவனை இழந்தவளுக்கு அந்தக் கணக்கு முடிவதே இல்லை. 2009 இற்குப் பிறகு எங்கள் வீட்டு வானொலியில் நெடுங்காலம் செய்தி மட்டும்தான் கேட்டது. சமைக்கும்போது என்னையறியாமல் ஒரு மெட்டு வாயில் வந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்து நிறுத்திவிடுவேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஜப்பானியப் பாட்டுகளில் விருப்பம் வந்தது வேடிக்கையான விடயம்தான். 2014 இல் பழம் பதனிடும் பயிற்சிக்காக மூன்று மாதங்கள் ஜப்பானில் இருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவரும் கணவனை இழந்தவர். ஆனால் வேலை செய்யும்போதெல்லாம் வாய்விட்டுப் பாடுவார். அவற்றில் ஒன்று அப்பிள் பழத்தைப் பற்றியது. மெட்டைக் கேட்டுச் சிறுபிள்ளைகளின் பாட்டு என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த பிள்ளைதான் அதன் கதையைச் சொன்னாள்.

"ரிங்கோ நோ உதா" என்றால் அப்பிள் பாட்டு. 1945 ஓகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அந்த ஒக்டோபரில் வந்த "சொயோகசே" என்ற திரைப்படத்தில் இப்பாடல் இடம்பெற்றது. பாடியவர் நமிகி மிச்சிகோ என்ற இளம்பெண். அதே வருடம் மார்ச் 10 ஆம் திகதி டோக்கியோவில் வீசப்பட்ட தீக்குண்டுகளால் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மாண்டார்கள். நமிகியின் தாயும் அதில் போனார். நமிகி சுமிதா ஆற்றிலிருந்து மீட்கப்பட்டவர். தகப்பனையும் ஒரு தமையனையும் கூடப் போர் கொண்டுபோய்விட்டது.

இப்படி இருந்தவரிடம் மகிழ்ச்சியாகப் பாடு என்றால் எப்படி முடியும்? துன்பப்பட்டவள் நீ மட்டுமல்ல என்று இசையமைப்பாளர் மன்ஜோமே ததாஷி எடுத்துச் சொல்லிப் பாட வைத்தாராம். இந்த இடம் எனக்கு இன்றும் பிடிப்பதில்லை. "உனக்கு மட்டுமா நடந்தது?" என்பதை நாங்கள் கேட்காத இடமா? நிவாரண வரிசையிலும் கேட்டோம், சொந்தக்காரர் வாயாலும் கேட்டோம். அந்தப் பேச்சு ஒருவரையும் ஆற்றாது, வாயைத்தான் அடைக்கும். நமிகி எப்படியோ பாடிவிட்டார்.

பாட்டிலே போரும் இல்லை, எழுந்து நில் என்ற உபதேசமும் இல்லை. சிவந்த பழம், நீல வானம், ஒரு பெண்பிள்ளையின் மனம், அவ்வளவுதான். குண்டு வருமோ என்று அண்ணாந்து பார்த்த சனத்துக்கு, வானம் வெறும் வானமாக இருப்பதே எவ்வளவு பெரிய விடயம் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வானொலி மேடை நிகழ்ச்சி ஒன்றில் நமிகி சபைக்குள் இறங்கி, கூடையிலிருந்து அப்பிள் கொடுத்தபடி பாடியபோது சனம் பழத்துக்கு அடிபட்டதாம். பசி அப்படி.

இன்னொருவர் கசாகி ஷிசுகோ. 1947 மே மாதம், அவர் மணமுடிக்க இருந்தவர் காசநோயால் இறந்தார். சில நாட்களில் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகாத தாய், கையில் பச்சைக் குழந்தை. அவர் இசையமைப்பாளர் ஹத்தோரி ரியோச்சியிடம் போய், திரும்பவும் மேடையேற ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார். அப்படி வந்ததுதான் "டோக்கியோ பூகி வூகி". 1948 ஜனவரியில் இசைத்தட்டாக வெளிவந்தது. ஆடிப் பாடும் பாட்டு. குழந்தையை ஒப்பனை அறையில் கிடத்திவிட்டுத்தான் மேடைக்குப் போவார். பிழைக்க வழியின்றி இரவில் வீதியில் நின்ற பெண்கள் அவர்மேல் உயிராக இருந்தார்கள். அவரும் அவர்களை ஒதுக்கவில்லை. எனக்கு நமிகியைவிடக் கசாகியைத்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

சகமோட்டோ கியூ 1961 இல் பாடிய "உவே ஓ முயித்தே அருக்கோ" உலகம் அறிந்தது. மேலே பார்த்தபடி நடப்போம் என்பது அதன் பொருள். மெட்டு சிரிக்கும், சொல் கண்ணீரைப் பற்றியது. 1963 இல் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அங்கே அதற்கு வைத்த பெயர் "சுகியாகி". அது ஒரு இறைச்சிச் சாப்பாட்டின் பெயர்! சகமோட்டோ 1985 இல் 520 பேர் இறந்த விமான விபத்தில் போய்விட்டார்.

2011 மார்ச் 11 இல் ஜப்பானின் வடகிழக்கைக் கடல் அடித்தது. 18,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அந்த நாட்களில் கலைஞர்கள் பலர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு வரியாக, இந்தப் பாட்டைத் தொலைக்காட்சியில் பாடினார்கள். வீட்டு அம்மாவின் தங்கை அந்தக் கரையில் இருந்தவர், கிடைக்கவே இல்லை. பாட்டுத் தொடங்கியதும் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவேன் என்றார் அம்மா. முழுதாகக் கேட்க இரண்டு வருடம் ஆனதாம். தங்கைக்கு அந்தப் பாட்டு முழுவதும் பாடமாம்.