மொட்டையா நிக்கிற வேலியக் காட்டித்தான் பாடம் நடத்தணும்



கொஞ்ச நாளா நம்ம காட்டுக்கு ஆளுக வர்றது அதிகமாயிட்டுது. வெள்ளாமையப் பார்க்க இல்லீங்க, வேலியப் பார்க்க. கோயமுத்தூர்ல வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் தோட்டம் அமைச்சுத் தர்ற கான்ட்ராக்டர்கள், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைங்க, பக்கத்து ஊர் வாத்தியாருங்க இப்படி யாராவது மாசத்துக்கு ஒரு கூட்டம் வருது. "இந்த மண்ணுச் செடிகளை வெச்சே தோட்டம் போடணும், சொல்லிக் குடுங்க"ன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அப்பாரு காட்டுனதும், மாடு மேய்ச்சப்போ பார்த்ததும்தான். ஆனா ரெண்டு வருசமா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுல, எப்படிச் சொன்னா மனசுல நிக்குது, எப்படிச் சொன்னா நிக்கறதில்லைன்னு கொஞ்சம் புரிஞ்சிருக்குது. அதைத்தான் எழுதறேன்.

வெளியூர்க்காரங்களுக்காக முதல்ல கொரங்காட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை. காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோயில் பக்கம் வந்தீங்கன்னா உழாம விட்ட மேய்ச்சக் காடுகளைப் பார்க்கலாம். புறம்போக்கு இல்லீங்க, எல்லாம் பட்டா பூமி. கீழே கொழுக்கட்டைப் புல்லு, அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்வேல மரம், சுத்தியும் முள்ளுக்கிளுவை வேலி. இந்த மூணும் சேர்ந்ததுதான் கொரங்காடு. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை கிடைச்சாலே பெருசுன்னு இருக்கிற சீமையில, காங்கயம் மாடும் செம்மறியாடும் தலைமுறை தலைமுறையா இதை நம்பித்தான் பொழைச்சுது. புல்லு காஞ்சு போற மாசங்கள்ல வெள்வேலங்காய் உதிரும். ஆடு அதைத் தின்னுட்டு புழுக்கை போட, விதை காடெல்லாம் பரவும். கிளுவைத் தழையும் ஆட்டுக்குத் தீவனம். யாரும் தண்ணி கட்டறதில்லை, மருந்து அடிக்கறதில்லை. நகரத்துல இப்போ "சூழலுக்கு ஏத்த தோட்டம்"னு புதுசாப் பேசறாங்களே, அது இங்கே பழசு.

ஆரம்பத்துல வந்தவங்களுக்கெல்லாம் கார்த்திகை, மார்கழியில வாங்கன்னு சொல்லுவேன். அப்போதான் காடு பச்சைப் பசேல்னு இருக்கும். வேலியில கோவைக்கொடி, முடக்கத்தான், வேலிப்பருத்தி, பிரண்டை, தூதுவளை எல்லாம் ஏறிக் கிடக்கும். கௌதாரி கத்தும். வர்றவங்க போட்டோ எடுத்துத் தள்ளுவாங்க. ஒவ்வொரு செடிக்கும் பேரு, குணம் எல்லாம் சொல்லுவேன், நோட்டுல எழுதிக்குவாங்க. பொறவு ஒருத்தரும் அந்தச் செடிகளை எங்கேயும் வெச்ச மாதிரி தெரியலை. ஒரே ஒருத்தரு மட்டும், அவரு தோட்டம் போட்டுக் குடுத்த பங்களாவுல அம்பதடிக்குக் கிளுவைப் போத்து ஊனினாரு. வேரும் புடிச்சுது, தழைச்சும் வந்துது. மாசியில இலை கொட்டுனதும் வீட்டுக்காரரு "செத்த குச்சிய நட்டு ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்லி எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டாரு. பொறவு கோனோகார்ப்பஸ் வந்துது.

அதுக்கப்புறந்தான் பங்குனி, சித்திரையில வாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன். உச்சி வெயிலுக்கு முன்னாடி வரச் சொல்லி நேரா வேலிக்குக் கூட்டிட்டுப் போவேன். ஒரு இலை இருக்காது, முள்ளும் குச்சியுமா நிக்கும். "இது உசுரோட இருக்குதா, செத்துப் போச்சா?"ன்னு கேப்பேன். நகரத்துப் பிள்ளைங்க பாதிப் பேரு "செத்துப் போச்சு அங்கிள்"னுதான் சொல்லுவாங்க. நகத்தால பட்டையச் சுரண்டச் சொல்லுவேன். மேல்தோலு போனதும் உள்ளே பச்சை தெரியும், ஈரமா ஒரு வாசம் வரும். போன மாசம் ஒரு பொண்ணு நாலஞ்சு செடியத் தானாவே போய்ச் சுரண்டிப் பார்த்துட்டு, "எல்லாமே தூங்குது அங்கிள்"னுச்சு. பாடம் அவ்வளவுதானுங்க. வறண்ட பூமிச் செடி வெயில் காலத்துல இலையக் கொட்டித் தன் தண்ணியக் காப்பாத்திக்குது. கோடை மழை ஒண்ணு விழுந்தாப் போதும், குப்புனு துளுத்துரும். பேரு தெரியாட்டிப் பரவாயில்லை, இது தெரிஞ்சவன் அந்தச் செடியப் புடுங்க மாட்டான்.

தொழில்காரங்களுக்கு வேற சங்கடம் இருக்குது. அதையும் சொல்லணும். ஒரு கான்ட்ராக்டர் தம்பி ஒளிவு மறைவில்லாம சொன்னாரு: "அண்ணா, எனக்குக் கிரகப்பிரவேசத்தன்னைக்குப் பச்சையாத் தெரியணும். குச்சிக்கு எவனும் பில்லு பாஸ் பண்ண மாட்டான். நர்சரியில கிடைக்கறதைத்தான் நான் வெக்க முடியும்." அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. கோனோகார்ப்பஸ் நட்ட வேகத்துல செவரு மாதிரி வளர்ந்துரும், எல்லா நர்சரியிலயும் கிடைக்கும். அதனாலதான் ஊரெல்லாம் அது நிக்குது. அதோட மகரந்தத்தால சளி, ஆஸ்துமா வருது, வேரு போய்க் குழாயை அடைக்குதுன்னு சொல்லி 2023-ல குஜராத்துல தடை போட்டாங்க. புல்தரையும் அப்படித்தான். தினமும் தண்ணி கேக்கும், ஆனா ஒரு ஆடு அதுல மேய முடியாது.

அந்தத் தம்பியக் கூட்டிட்டு எங்க ஓடைக்கரைக்குப் போனேன். நொச்சி, விராலி, ஆவாரை மூணையும் காட்டினேன். மூணும் இலை சுருக்காக் கொட்டாது. வறட்சி தாங்கும், ஆடு மாடு சீக்கிரத்துல வாய் வெக்காது. ஆவாரை மஞ்சளாப் பூத்துக் கிடக்கும், அதைவிட என்ன அலங்காரம் வேணும்? "முன்னால இந்த மூணையும் வெய்ங்க, பின்னால கிளுவைய ஊனுங்க. கிளுவை தூங்கறப்போ முன்னால இருக்கறது முழிச்சிருக்கும்"னேன். அது அவருக்குப் புடிச்சுப் போச்சு. ஒண்ணு மட்டும் எச்சரிச்சு அனுப்பினேன். ஆவாரை இலையில புழு இருக்கும், பார்த்ததும் மருந்தைத் தூக்கக் கூடாது. வெள்ளையும் இளமஞ்சளுமாப் பறக்குதே ஒரு பட்டாம்பூச்சி, அதோட புள்ளைங்கதான் அந்தப் புழு. பட்டாம்பூச்சி வேணும், புழு வேண்டாம்னா எப்படி?

படிச்சவங்க கொண்டு வர்ற பட்டியலப் பார்த்தா சில நேரம் சிரிப்பு வரும். ஒருத்தரு "நாட்டு மரம்"னு எழுதிட்டு வந்ததுல மொதல் பேரு நாகலிங்கம். சிவன் கோயில்ல நிக்கறதால நம்மூர்துன்னு நெனைச்சிருக்காரு. அது தென்னமெரிக்காவுல இருந்து வந்த மரம். பள்ளிக்கூடத்துல நிக்கிற தூங்குமூஞ்சி மரமும் அந்தக் கண்டத்துப் பக்கந்தான். ரோட்டோரத்துல செகப்பாப் பூக்குற குல்மோகர் மடகாஸ்கர். புன்னை நம்ம நாட்டு மரந்தான், ஆனா கடலோரத்து மரம். அதைக் கொண்டாந்து காங்கயத்துச் சரளை மண்ணுல நட்டுட்டு தினம் தண்ணி ஊத்துனா என்ன பிரயோசனம்? அதனால "நாட்டுச் செடியா?"ன்னு மட்டும் கேட்டாப் பத்தாதுங்க. எந்த மண்ணுக்கு, எவ்வளவு மழைக்குன்னு சேர்த்துக் கேக்கணும். பதில் புஸ்தகத்துல இல்லாட்டியும் பக்கத்துல இருக்கிற பழைய வேலியிலயும் கோயில் காட்டுலயும் இருக்கும்.

இதைச் சொன்னா "அப்போ மொளகாய், தக்காளி எல்லாம் அமெரிக்காவுல இருந்து வந்ததுதானே, அதையும் விட்டர்றதா?"ன்னு மடக்குவாங்க. விட வேண்டாம். நாம வெச்சு, பார்த்து, பறிச்சுத் திங்கிற செடி நம்ம கைக்குள்ள இருக்குது. கைய மீறிப் பரவுற செடிதான் வம்பு. சீமைக்கருவேலத்தையும் நல்லெண்ணத்துல விறகுக்குன்னுதான் கொண்டாந்தாங்க. இன்னைக்கு ஒவ்வொரு குளமும் சொல்லும் அதோட கதைய.

ஊர்க்காரங்களுக்குச் சொல்றது இன்னொரு மாதிரி. நூறு நாள் வேலைக்கு வர்ற அக்காமாருகிட்டப் போய் "இது வேலிப்பருத்தி, இது கோவை"ன்னு நான் சொன்னா, "ஏன் சாமி, இது எங்களுக்குத் தெரியாதா?"ன்னு சிரிப்பாங்க. தெரியும். பேரும் தெரியும், மருந்தும் தெரியும். ஆனா அதைச் செடின்னு மதிக்கறதில்லை. "இதைப் போய் ஆராவது தோட்டத்துல வெப்பாங்களா, இது வேலிப் பூடு" அப்படிங்கறாங்க. அதனால பாடத்தைத் திருப்பிப் போட்டேன். காலேஜ் பிள்ளைங்க வந்தன்னைக்கு அந்த அக்காமாருல ரெண்டு பேரை முன்னால நடக்க விட்டுட்டு நான் பின்னால போனேன். எந்தக் கொடிய எந்த மாசம் பறிக்கணும், எது ஆட்டுக்கு ஆகாது, எந்தப் புதர்ல கௌதாரி முட்டை இடும்னு அவங்க சொல்லச் சொல்ல பிள்ளைங்க எழுதிக்கிட்டாங்க. அடுத்த வாரம் அதுல ஒரு அக்கா வீட்டு வாசல்ல முடக்கத்தான் கொடிய எடுத்துப் பந்தல்ல ஏத்தி விட்டிருந்துது. நான் ஒண்ணும் கேக்கலை.

பயத்தையும் மூடி மறைக்கக் கூடாது. எங்கூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் உசுர்வேலி போடலாம்னு பேச்சு வந்தப்போ அம்மாமாருக மொதல்ல கேட்டது "பாம்பு வராதா?"ன்னுதான். வராதுன்னு நான் சொல்லலை. எலி இருக்கிற எடத்துக்கு பாம்பு வரும், கல்லுக் கட்டடத்துக்கும் வரும். வேலிக்கு அடியில குப்பை சேராம வெச்சுக்கணும், வகுப்புக்கும் வேலிக்கும் நடுவுல வெறும் தரை விடணும்னு சொன்னேன். கண்வலிக்கிழங்கு கொடி அழகுதான், நம்ம மாநிலப் பூவுதான், ஆனா கிழங்கும் விதையும் வெசம். மூலனூர்ப் பக்கம் அதைப் பயிர் பண்றவங்களே ஜாக்கிரதையாத்தான் கையாளறாங்க. அதைப் புள்ளைங்க பக்கத்துல வெக்கவே கூடாதுன்னும் சொன்னேன். கடைசியா முன்னால காம்பவுண்டுச் செவரு, பின்னால கிளுவைன்னு முடிவாச்சு. பாதி ஜெயிச்சாலும் ஜெயிச்சதுதான்.

இப்போ எனக்கிருக்கிற கவலை ரெண்டு. மொதல்து, கிளுவை வேலி அடைக்கத் தெரிஞ்ச ஆளு எங்க சுத்துப்பட்டுல மூணே பேரு. மூணு பேருக்கும் அறுபதுக்கு மேல. கவட்டைக்கோல்ல முள்ளத் தள்ளிப் புடிச்சு, கொடுவாள்ல சாய்ச்சு வெட்டி, ஒரு கிளையை இன்னொண்ணுக்குள்ள மடக்கிச் சொருகறது பார்த்துப் படிக்கிற வேலை. போத்து வெட்டி ரெண்டு மூணு நாள் நிழல்ல போட்டு வெட்டுவாய் காஞ்ச பொறவு, மழைக்கு முன்னாடி ஒரு அடி ஆழத்துல நெருக்கி ஊனணும். வெட்டி ஊனறதை யாரும் செய்யலாம். சந்து விடாமப் பின்னறதுதான் கலை. அதுல பெரியவரு ஒருத்தருகிட்ட "ரெண்டு பசங்களுக்குச் சொல்லிக் குடுங்கண்ணா"ன்னு கேட்டேன். "கூலி குடுத்தா வருவானுங்க, சும்மா பழகறதுக்கு எவன் வருவான்?"ன்னாரு. சரியான கேள்வி. தோட்டம் போடற கம்பெனிக்காரங்ககிட்ட அதைத்தான் இப்போ சொல்லிட்டு வர்றேன். செடிக்கு மட்டும் பில்லு போடாதீங்க, வேலி அடைக்கிற கைக்கும் போடுங்க.

ரெண்டாவது கவலை எங்க காட்டுக்கு வடக்குப் பக்கம். அந்த நாலு ஏக்கரு போன வருசம் சைட்டாப் போயிருச்சு. மூணு பக்கத்து வேலியையும் ஜேசிபி ஒரே காலையில வாரிப் போட்டுட்டுது. அப்பாரு காலத்துக் கிளுவை அது. மிச்சம் இருக்கறது எங்களுக்கும் அவங்களுக்கும் பொதுவான ஒரு பக்கம். "அதையும் எடுத்துட்டு ஹாலோ பிளாக் வெச்சுக்கலாம், செலவு முழுக்க எங்களது"ன்னு சைட்டு வாங்கினவங்க வந்து கேட்டாங்க. சண்டை போடலை. "சித்திரையில ஒரு நாள் காலையில வந்து வேலியோரமா நடந்து பாருங்க, அப்புறம் பேசலாம்"னேன்.

அஞ்சு குடும்பம் வந்தாங்க. பட்டையச் சுரண்டிப் பார்த்தாங்க. வேலிக்கு இந்தப் பக்கம் நிழல்ல மண்ணு எப்படி இருக்குது, அந்தப் பக்கம் ஜேசிபி வாரின எடத்துல எப்படிப் புழுதி பறக்குதுன்னு அவங்களே காலை வெச்சுப் பார்த்தாங்க. ரெண்டு பேரு "இருக்கட்டுங்க"ன்னாங்க, ரெண்டு பேரு "செவருதான் பாதுகாப்பு"ன்னாங்க, ஒருத்தரு பேசவே இல்லை. கடைசியில ஐப்பசி மழை வரைக்கும் பொறுத்துப் பார்க்கறதா ஒத்துக்கிட்டாங்க. வேலி துளுத்து, கொடியெல்லாம் ஏறுன பொறவு மறுபடி வந்து பார்க்கறாங்களாம். அதுக்குள்ள பெரியவரையும் ரெண்டு பசங்களையும் வெச்சு அந்தப் பக்கத்து வேலியச் சந்தில்லாம அடைச்சுரலாம்னு இருக்கேன். கூலி நான் குடுத்துக்கறேன்.

போத்து வேணுங்கறவங்க மழைக்கு முன்னாடி வாங்க. காசு வேண்டாம். கொடுவாள் மட்டும் கொண்டாங்க, கையில முள்ளுக் குத்தும், அதுக்கும் தயாரா வாங்க.