புகழ்மொழிக்கு மறுமொழி

1942ஆம் ஆண்டு தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை மண்டபத்திலும் பிற அரங்குகளிலும் பொன்னாடை பெற்றோர் பலரின் ஏற்புரைகளைக் கேட்டிருக்கின்றேன். “இதற்கு யான் தகுதியுடையேனல்லேன்” என்று தொடங்குவோரே பலர். அடக்கம் எமது மரபு. ஆயினும், ஒரு விழாவிலே பொன்னாடை போர்த்திய முதியவரின் முகம் அவ்வுரை கேட்டு வாடக் கண்டேன். தகுதியில்லை என்னுமிடத்து, பாராட்டியவரின் மதிப்பீடு பிழையென்றும் கூறியவராகின்றோம் அன்றோ?

ஸ்பானிய மொழியைச் சிறிது பயின்றபோது இவ்வெண்ணம் வலுப்பெற்றது. பாராட்டுப் பெற்ற ஆடவர் அம்மொழியில் “மே சியெந்தோ அலகாதோ” என்பர். பெண்டிர் ஈற்றுச் சொல்லை “அலகாதா” என்பர். ‘தங்கள் புகழுரையால் உளம் மகிழ்கின்றேன்’ என்பது கருத்து. பெருங் கௌரவமாயின் “ஓன்ராதோ” என்னுஞ் சொல் வரும். இரண்டும் உணர்வை உரைப்பனவேயன்றித் தகுதியை ஆராய்வன அல்ல. முன்னைய சொல்லின் வினையடி பொய்ப்புகழ்ச்சி செய்தலையும் குறிக்கும். எனினும், நன்றியுரையில் அம்மாசு ஒட்டுவதில்லை.

எமக்கோ ‘முகத்துதி’ என்றால் இழிவே தோன்றும். ஆயினும் ‘அகமகிழ்கின்றேன்’ என்னுஞ் சொல் எம்மிடமும் உண்டு. தகுதியை அளத்தல் அளிப்பவர் கடன். மகிழ்ச்சியை மறையாது ஏற்றல் பெறுபவர் கடன்.